‘பறப்பு நேரம்’ போதுமா? ‘நிலையிடை நேரம்’ என்றொரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

விமானப் பயணம் தொடர்பான தமிழ்க் கலைச்சொற்களைப் பற்றிய நம் குழு உரையாடலுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலுள்ள தொலைவைக் குறிப்பதில் நமக்குள் பெரிய வேறுபாடு இல்லை. புவிக்கோளத்தின் மேற்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழிக்குப் ‘பெருவட்டத் தொலைவு’ என்பதே பொருத்தம். ‘காகம் பறக்கும் தொலைவு’ ஆங்கில வழக்கின் நிழல். போதாக்குறைக்கு, நம்மூர்க் காகம் எதுவும் நேராகப் பறந்து நான் பார்த்ததில்லை. அலகுக்குக் ‘கடல் மைல்’ (1.852 கி.மீ.) இருக்கிறது, கடலோர ஊர்களான குளச்சலிலும் முட்டத்திலும் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சிக்கல் நேரத்தில்தான். திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்குப் பெருவட்டத் தொலைவு ஏறத்தாழ 615 கி.மீ.; மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று வகுத்தால் முக்கால் மணி நேரத்தில் கணக்கு முடிந்துவிடும். கால அட்டவணையோ பெரும்பாலும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் காட்டும். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, முறைக்குக் காத்திருப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவது, தரையிறங்கச் சுற்றி வருவது ஆகிய அனைத்தும் அதில் அடக்கம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறையில்கூட ‘ஃபிளைட் டைம்’ என்பது, புறப்படுவதற்காக விமானம் முதலில் அசையும் கணத்திலிருந்து பயணம் முடிந்து அசையாமல் நிற்கும் கணம் வரையிலான நேரமே. அதைப் ‘பறப்பு நேரம்’ என்று எழுதினால், தரையில் ஊரும் நிமிடங்களையும் பறக்கவிட்டவர்கள் ஆவோம்.

இதே அளவைக்குப் ‘பிளாக் டைம்’ என்ற பெயரும் உண்டு. அதைத் ‘தொகுதி நேரம்’ என்று பெயர்த்திருப்பது பிழை. இங்கே ‘பிளாக்’ என்பது சக்கரத்துக்கு அண்டைகொடுக்கும் கட்டை. சுசீந்திரத்து மார்கழித் தேரோட்டத்தில் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஆனாலும் ‘கட்டை நேரம்’ என்று வைக்க எனக்கு மனமில்லை. நம் வழக்கில் கட்டை சுடுகாட்டையும் நினைவூட்டும்.

தேரே வேறொரு சொல்லையும் தருகிறது. தேர் நிற்கும் இடத்தை ‘நிலை’ என்கிறோம். வீதி சுற்றி வந்தால் ‘தேர் நிலைக்கு வந்தது’ என்கிறோம். விமானம் நிற்கும் இடத்துக்கும் அது அப்படியே பொருந்துவதால், ஒரு நிலையை விட்டு அசைவது முதல் அடுத்த நிலையில் நிற்பது வரை ஆகும் நேரத்தை ‘நிலையிடை நேரம்’ எனலாம். ‘நிலை’ பலபொருள் ஒருசொல் என்ற மறுப்பு எழக்கூடும். ‘நிறுத்திட நேரம்’ என்ற மாற்றையும் எண்ணிப் பார்த்தேன். அது விமானம் நின்றுகொண்டிருக்கும் நேரம் என்றே படுகிறது. ‘பறப்பு நேரம்’ என்பதைச் சக்கரம் தரையை விட்டெழுவது முதல் மீண்டும் தொடுவது வரைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டால் குழப்பம் தீரும்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய்ச் சேரும் நேரம் இவ்விரண்டிலும் சேராது. அதற்குப் பெயர் வைக்கும் பொறுப்பைக் களியக்காவிளைச் சாலையில் வண்டியோடு நின்று பழகிய உறுப்பினர் எவரேனும் ஏற்றுக்கொள்ளட்டும்.