வெளில குரூப் போட்டோ எடுக்க எந்த நேரம் சரியா வரும்?

எல்லாருக்கும் வணக்கம், வர்ற ஞாயிறு எங்க குடும்பத்துல 22 பேரையும் மூணு வரிசையா நிக்க வச்சு வெளில ஒரு போட்டோ எடுக்கணும். போன தடவை உச்சி வெயில்ல எடுத்து, பாட்டி கண்ணு ரெண்டும் குழிக்குள்ள கருப்பா போயிடுச்சு, மூக்குக்குக் கீழ மீசை மாதிரி நிழல், இன்னும் மனசு ஆறல. சூரியன் மறையறதுக்கு முந்தின ஒரு மணி நேரம் வெளிச்சம் இதமா இருக்கும், சரி, ஆனா சாய்ஞ்ச வெயில்ல பக்கத்துல நிக்கறவங்க நிழல் அடுத்தவங்க மூஞ்சில விழுமே? பின் வரிசையும் ஷார்ப்பா வரணும்னா லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8 வைக்கணும், வெளிச்சம் குறையக் குறைய ஷட்டர் ஸ்பீடும் இறங்கும், அதாவது ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும், குட்டிப் பசங்க அசைஞ்சா போச்சு, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணர்ற அளவு) எவ்வளவு வரைக்கும் ஏத்தலாம்? சூரியனை அவங்க முதுகுப் பக்கம் விட்டு ஃப்ளாஷ் அடிக்கிறதா, இல்ல காலைலயே ஒரே நிழலா இருக்கற இடமா பாத்து முடிச்சிடலாமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ், பாட்டிக்காகத்தான் இந்தப் போட்டோவே.