பீட்ரூட் துண்டும் அமினோ அமிலமும்: சாயம் இவ்வளவு கசிவது ஏன்?

நீலமலர்:
எம்.எஸ்சி. தாவரவியல் முதல் வருடம். அமினோ அமிலம் செல் சவ்வின் ஊடுருவு திறனை மாற்றுமா என்று பார்க்க, பீட்ரூட் துண்டுகளை 50 மில்லிமோலார் கரைசல்களில் ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தேன். கிளைசின், புரோலின் இரண்டிலும் வெறும் தண்ணீரில் போட்டது மாதிரி லேசான ரோஸ்தான். குளுட்டாமிக் அமிலத்தில் நல்ல சிவப்பு, ஆர்ஜினினில் பழுப்பும் மஞ்சளுமாக ஏதோ ஒன்று. குளுட்டாமிக் அமிலம் சவ்வை உடைக்கிறது என்று ரெக்கார்டில் எழுதலாமா?

பழைய லேப்:
எழுதாதீங்கம்மா, முதலில் பி.எச். (புளிப்பு, கார அளவு) பாருங்கள். குளுட்டாமிக் அமிலத்தைச் சும்மா தண்ணீரில் கரைத்தால் 3-ஐ ஒட்டி இருக்கும், ஆர்ஜினின் 10-ஐத் தாண்டிவிடும். அந்தப் புளிப்பே சவ்வைக் கெடுக்கும். ஆர்ஜினின் குழாயில் மஞ்சள் வந்ததற்கும் காரத்தில் பீட்டாசயனின் என்ற அந்தச் சிவப்புச் சாயம் சிதைவதுதான் காரணம், அதை வைத்துக் கசிவை அளக்கவே முடியாது. நானும் ஒரு காலத்தில் இதே தப்பைச் செய்து ஒரு மாத வேலையைத் தூக்கிப் போட்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. அந்தச் சாயம் இருப்பது வாக்குவோலுக்குள், அதாவது செல்லுக்குள் தனிச் சவ்வு போர்த்திய நீர்ப்பைக்குள். வெளியே வர இரண்டு சவ்வுகளைத் தாண்ட வேண்டும், அதனால் தண்ணீர் சிவந்தால் சேதம் பெரிது என்று அர்த்தம். நுட்பமான மாற்றம் பார்க்க வேண்டுமானால் கசிந்த அயனிகளை மின்கடத்தலால் அளக்கும் கடத்துத்திறன் மீட்டர்தான்.

நெல்வயல்:
அமினோ அமிலம் சவ்வின் கொழுப்புப் படலத்தில் கரைந்து போவதில்லை, புரோட்டானோடு சேர்ந்து கடத்திப் புரதம் வழியாக உள்ளே போகிறது. அப்போது சவ்வின் மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கும், ஆனால் அது கசிவு இல்லை. குளுட்டமேட் மட்டும் தனிக் கதை: காயம்பட்ட இடத்தில் அது வெளிவந்து கால்சியம் வாய்க்கால்களைத் திறந்து, தூரத்து இலைகள் வரை சேதி அனுப்புவதை 2018-இல் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் காட்டினார்கள். நீங்கள் வெட்டிய துண்டே ஒரு காயம்தான், அதனால் அலசின தண்ணீர் நிறமில்லாமல் வரும் வரை அலசிவிட்டு ஆரம்பியுங்கள்.

புரோலினை அமைதியான நிலையில் சோதித்தால் ஒன்றும் தெரியாது. வாடும் ரை புல்லில் அது குவிவதை 1954-லேயே கண்டார்கள், நெருக்கடியில் செல்லைக் காப்பதுதான் அதன் வேலை. புரோலினில் ஊறவைத்து, பிறகு உப்போ சூடோ கொடுத்து, கசிந்த அயனியை அளந்து, கடைசியில் கொதிக்க வைத்து மொத்தத்தையும் அளந்து சதவீதம் போடுங்கள். பீட்ரூட்டில் இயல்பாகவே கிளைசின் பீட்டெயின் என்ற சேர்மம் நிறைய உண்டு, புரோலின் செய்கிற வேலையை அதுவும் செய்யும். நெல் நாற்றின் இலையில் செய்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியலாம்.

நீலமலர்:
இப்போதுதான் அளந்தேன், குளுட்டாமிக் குழாய் 3.2! ரொம்ப நன்றி. திங்கட்கிழமை திரும்பச் செய்கிறேன். பி.எச். மாறாமல் வைக்க பாஸ்பேட் பஃபர்தான் இருக்கிறது, போதுமா?

பழைய லேப்:
போதும், 6.5-இல் வையுங்கள். குளுட்டாமிக்கைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு அந்த அளவுக்குக் கொண்டு வாருங்கள், பொட்டாசியத்தின் விளைவைப் பிரித்துப் பார்க்க, அதே அளவு பொட்டாசியம் குளோரைடு போட்ட குழாய் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.