பன்னிரண்டு பொங்கல் வாழ்த்து அட்டை: ஒரே கை செய்ததாகத் தெரிய என்ன வழி?

திண்ணைவீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா இருந்தவரை மார்கழி பாதியிலேயே பொங்கல் வாழ்த்து அட்டைகளைக் கட்டாக வாங்கி வந்துவிடுவார். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விலாசம் எழுதுவார். உள்ளே ஒரே வரிதான்: "இங்கு அனைவரும் நலம், அங்கும் நலமறிய ஆவல்." அவர் போன பிறகு அது நின்றுவிட்டது. இந்த வருஷம் நானே கையால் செய்து, அவர் அனுப்பிய அதே பன்னிரண்டு வீடுகளுக்கும் அனுப்பலாம் என்று இறங்கியிருக்கிறேன்.

ஏழு அட்டை முடிந்துவிட்டது. ஒன்றில் பானை, ஒன்றில் கரும்பு, ஒன்றில் காளை, ஒன்றில் மஞ்சள் கொத்து. தனித்தனியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கின்றன. நேற்று ராத்திரி தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஏழு பேர் செய்தது மாதிரி இருக்கிறது. ஒன்றில் வாட்டர் கலர், ஒன்றில் ஜிகினா, எழுத்து ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு. பெரியம்மா வீடும் சித்தி வீடும் ஒரே தெரு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நகல் எடுத்த மாதிரியும் இருக்கக் கூடாது, ஒரே கை செய்தது என்றும் தெரிய வேண்டும். எப்படி?

அப்புறம் இன்னொன்று. வெள்ளைப் பசை தடவிய அட்டை எல்லாம் காய்ந்ததும் அப்பளம் போல வளைகிறது. மடிக்கும் இடத்திலும் வெடிப்பு விழுகிறது.

கோலநோட்டு எழுதியது:

அப்பாவின் பன்னிரண்டு வீட்டுக்கும் நீங்கள் அனுப்புவது மனதைத் தொட்டுவிட்டது தங்கச்சி. நான் தங்கையின் வளைகாப்புக்குச் செய்த வழியைச் சொல்கிறேன்.

பன்னிரண்டு படம் யோசிக்காதீர்கள். ஒரே ஒரு பெரிய சிக்குக் கோலம் போட்டு, அதைப் பன்னிரண்டாக வெட்டுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு துண்டு. எந்தத் துண்டும் இன்னொன்றின் நகலாக இருக்காது. ஆனால் பக்கத்துத் துண்டோடு சேர்த்து வைத்தால் கோடு கோட்டோடு போய்ச் சேரும். உங்கள் பெரியம்மாவுக்கும் சித்திக்கும் அடுத்தடுத்த துண்டை அனுப்பிப் பாருங்கள்!

கணக்கு இப்படி. காவி நிறச் சார்ட்டில் 24க்கு 32 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். நேர்ப் புள்ளி, புள்ளிக்குப் புள்ளி 2 செ.மீ., ஓரத்திலிருந்து முதல் புள்ளி 1 செ.மீ. அகலத்தில் 12 புள்ளி, உயரத்தில் 16. இதை 8 செ.மீ. சதுரங்களாக வெட்டினால் மூன்று வரிசை நான்கு அடுக்கு, சரியாகப் பன்னிரண்டு துண்டு. ஒவ்வொன்றிலும் நாலுக்கு நாலு புள்ளி. சிக்குக் கோலத்தில் கம்பிகள், அதாவது புள்ளிகளைச் சுற்றி வளைந்து ஓடும் கோடுகள், இரண்டு புள்ளிக்கு நடுவில்தான் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். கத்தி போவதும் அந்த இடத்தில்தான். அதனால் வெட்டிய ஓரத்தில் பக்கத்துக்கு நான்கு இடத்தில் கம்பிகள் வந்து முட்டி நிற்கும். அந்த முனைகளைப் பார்த்தாலே அடுத்த துண்டு எங்கே என்று கண் தேடும்.

12க்கு 16 போட்டால் ஒரே கம்பியாக வராது, நான்கு தனிக் கம்பியாக வரும். எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் என்று அழிக்காதீர்கள், அதுதான் சரி. முதலில் பென்சிலில் முழுவதும் போட்டுவிட்டு, அதன் மேல் வெள்ளை ஜெல் பேனா. உள்ளங்கைக்கு அடியில் ஒரு வெற்றுத்தாள் வைத்துக்கொண்டே எழுதுங்கள். நான் அதை மறந்து மூன்றாவது வரிசையைக் கலைத்துவிட்டேன், ஈர வெள்ளை காவியில் பட்டால் துடைக்கத் துடைக்கப் பரவும். வெட்டுவதற்கு முன்னால் பின்பக்கம் 1 முதல் 12 வரை எண் போட்டுவிடுங்கள்.

நிறம் மூன்று போதும்: காவி, வெள்ளை, மஞ்சள். மார்கழி வாசல் நிறமே அதுதானே, நடுவில் பூசணிப் பூவும் சேர்த்து. ஜிகினாவை விட்டுவிடுங்கள். நீங்கள் வரைந்த பானை, கரும்பெல்லாம் வீணாகாது. கோலத் துண்டுக்குக் கீழே ஒரு வீட்டுக்கு ஒன்றாகச் சின்னதாக, அதே பேனாவில் போடுங்கள். கோலத் துண்டு ஒட்டும் இடமும் எழுத்தின் அளவும் மட்டும் எல்லா அட்டையிலும் அச்சு மாறாமல் இருக்கட்டும்.

பழைய அச்சுக்காரன் எழுதியது:

சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்த்தவன் அம்மா. வளைவதற்குக் காரணம் பசையில் இருக்கும் தண்ணீர். தாள் ஈரத்தில் உப்பி, காயும்போது சுருங்கி இழுக்கிறது. இரண்டு பக்கம் ஒட்டும் டேப் போடுங்கள், இல்லை பசைக்குச்சி. வெள்ளைப் பசைதான் இருக்கிறது என்றால் ஓரத்தில் மெல்லிசாகத் தடவி, ராத்திரி முழுக்கக் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

வெடிப்புக்குக் காரணம் கிரெயின். தாளின் நார் ஒரு பக்கமாகத்தான் ஓடும். அட்டையைக் கையில் எடுத்து மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள், நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை. எந்தப் பக்கம் இணங்குகிறதோ அந்த வாக்கில்தான் மடிப்பு வர வேண்டும். மடிப்பதற்கு முன் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரே அழுத்தாக ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அச்சகத்தில் கிரீசிங் என்பது இதுதான். அந்தப் பள்ளத்தில் மடித்தால் வெடிக்காது.

தாள் 250 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 250 கிராம் எடை, போதும். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி ஒரு மடி மடித்தால் 10.5க்கு 14.8 செ.மீ. அட்டை. கோலநோட்டு அம்மா சொன்ன 8 செ.மீ. துண்டை நடுவில் வைத்தால் இருபுறமும் 1.25 செ.மீ. ஓரம் கிடைக்கும். மேலேயும் அதே 1.25 விட்டால் கீழே ஐந்தரை செ.மீ. மிச்சம், வாழ்த்துக்கும் படத்துக்கும் தாராளம். 11.4க்கு 16.2 உறை இதற்கென்றே வருவது. எடை: ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 250ஐப் பதினாறால் வகுத்தால் 15.6 கிராம், அதில் பாதி 7.8. உறையும் சேர்ந்து 20 கிராமுக்குள் அடங்கிவிடும், தபாலில் முதல் எடைப்படியே போதும். மணி, கல் எதுவும் ஒட்டாதீர்கள், முத்திரை குத்தும்போது உள்ளே நொறுங்கும்.

மஞ்சள்கொத்து எழுதியது:

அக்கா, மஞ்சள் நிறத்துக்கு நிஜ மஞ்சளைக் கரைத்துப் பூசிவிடாதீர்கள். நான் ஒருமுறை ஆசையாகப் பூசினேன். ஜன்னலோரம் வைத்த அட்டைகள் வெயிலில் வெளுத்துப்போயின. சோப்புக் கையோடு தொட்ட இடம் ஆரத்தித் தண்ணீர் போலச் சிவந்துவிட்டது. போஸ்டர் கலரோ மஞ்சள் தாளோ போதும்.

திண்ணைவீடு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று உட்கார்ந்து கோலத்தை முடித்துவிட்டேன். அண்ணன் சொன்ன மாதிரி கோடு இழுத்து மடித்ததில் மடிப்பு கத்தி போல நிற்கிறது. நான்கு கம்பி வரும் என்று அக்கா முன்னாலேயே சொல்லியிருக்காவிட்டால் நிச்சயம் அழித்திருப்பேன். பெரியம்மாவுக்கு 5, சித்திக்கு 6. அப்பாவின் வரியை எல்லாவற்றிலும் அப்படியே எழுதிவிட்டு, அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "வைகாசியில் அம்மன் கொடைக்கு வரும்போது இந்த அட்டையையும் எடுத்து வாருங்கள்." திண்ணையில் இடம் அளந்து பார்த்துவிட்டேன், பன்னிரண்டும் பரப்ப இடமிருக்கிறது.