குறும்படத்துல கன்னத்துல பொய்யா அறையறது: நிஜமாத் தெரிய என்ன வழி?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பள்ளிக்கூட ரவுடிப் பசங்களை எதிர்த்து நிக்கிற காமெடிக் குறும்படம், போன்ல எடுக்கறமுங்க. அறை விழற ஷாட் பொய்யாத் தெரியுது. என்ன பண்றது?

எடிட்டர்_அண்ணன்:
கேமராவைப் பக்கவாட்டுல வெச்சா கைக்கும் முகத்துக்கும் நடுவுல இடைவெளி தெரியத்தான் செய்யும். அடி வாங்கறவன் தோளுக்குப் பின்னாடி கேமராவை வைங்க. கை, முகத்துக்கு ஒரு சாண் தள்ளி குறுக்கே போகட்டும். தலை திரும்பறது கை கடக்கிற அதே நொடியில; முந்துனா மாட்டிக்கும். சத்தத்தைத் தனியாப் பதிஞ்சு, கை கடக்கிற ஃபிரேம்ல ஒட்டுங்க.

மைக்_மாமா:
ஆடி மாசமா? பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மைக்குல இரையும். வகுப்பறைக்குள்ள, ஃபேனை நிறுத்திட்டு எடுங்க.

சித்தூர்_தம்பி:
அறைக்கு யாருங்ணா சிரிப்பா? அறை விழுந்ததும் ரவுடியோட எடுபிடி மூஞ்சியைக் காட்டற ஷாட்டுக்கு உடனே மாத்துங்க, அங்கதான் சிரிப்பு.