புதுப்பிப்பு: கோடி மூலையில் எஞ்சின் திணறியது ஏன்?

முதல் பதிவில் கேட்டது: எச்ஓ அளவு மாதிரி ரயில் லேஅவுட்டில், தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டரை விட்டுத் தள்ளிப்போகப் போக எஞ்சின் தளர்கிறது, தண்டவாளங்களின் குறுக்கே நாணயம் வைத்து ஷார்ட் செய்தாலும் 5 ஆம்பியர் பூஸ்டர் டிரிப் ஆகி மின்சாரத்தை நிறுத்துவதில்லை.

எஞ்சினுக்குள் இருந்து அதை இயக்கும் டீகோடர்மேல் சந்தேகப்பட்டது வீண். குற்றவாளி, தண்டவாளத் துண்டுகளை இணைக்கும், கறுத்துப்போன ஜாய்னர்கள். தடை கூடியதால் ஷார்ட்டிலும் மின்னோட்டம் 5 ஆம்பியரைத் தொடவில்லை. 4 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருந்தால் போகி (சக்கரத் தொகுதி) உருகிவிடும்.

இப்போது பலகைக்கு அடியில் 2.5 சதுர மி.மீ. செம்பு பஸ் (முதன்மை மின்கம்பி), அதிலிருந்து 90 செ.மீ. தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றுக்கும் தனி ஃபீடர் (கிளைக்கம்பி). ஃபீடர் மெல்லிய கம்பிதான், அதனால் 15 செ.மீ.க்குள் நிறுத்தியாயிற்று. சால்டர் வைக்குமுன் தண்டவாளத்தின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, சால்டர் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவணும். சூட்டை உறிஞ்ச இருபக்கமும் ஈரப்பஞ்சு வைக்காவிட்டால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் இளகிக் கேஜ் (தண்டவாள இடைவெளி) விரியும். உள்புறம் சால்டர் வழிந்தால் சக்கரம் ஏறி இறங்கும்.

நாணயச் சோதனையில் எல்லா இடத்திலும் உடனே டிரிப் ஆகிறது. வண்டி சுற்றித் திரும்பி அதே பாதையில் சேரும் ரிவர்ஸ் லூப் மட்டும் பாக்கி: இரு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டி, மின் துருவத்தைத் தானே மாற்றும் ஆட்டோ ரிவர்சர் மாட்டணும்.