புத்தகப் பைத்தியங்களுக்கான மாங்கா: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நூலகப்பல்லி:
மிட்சு இசுமி வரையுற 'மேகஸ் ஆஃப் தி லைப்ரரி'ங்கிற மாங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, இங்க எத்தனை பேர் படிச்சிருக்கீங்க? ஜப்பான்ல 2017-ல தொடங்கின தொடர். எனக்குக் கிடைச்சது ஆங்கிலப் பதிப்பு.

அமுன்னு ஒரு ஊர். அங்க குடிசைப் பகுதியில அக்காவோட இருக்கிற பையன் தியோ. காது கூர்மையா இருக்குன்னு ஊர்ப் பிள்ளைங்க சீண்டுறாங்க. படிப்புன்னா உயிர், ஆனா ஊர் நூலகத்துக்குள்ள விடமாட்டாங்க. அப்பதான் புத்தகத் தலைநகரமான அஃப்ட்சாக்ல இருந்து கஃப்னாக்கள் வர்றாங்க. கஃப்னான்னா மத்திய நூலகத்து நூலகர். அந்த உலகத்துல பிள்ளைங்க கனவு காணுற உத்தியோகமே அதுதான். அவங்கள்ல செடோனா தன்னோட சொந்தப் புத்தகத்தை அவன் கையில கொடுத்து, அஃப்ட்சாக்குக்கு நீயே வந்து திருப்பிக் கொடுன்னு சொல்லிட்டுப் போயிடுறா.

இரவல் கொடுத்த புத்தகம் எதுவுமே திரும்பி வராத வீட்டுல வளர்ந்தவன் நான். மந்திரத்தைக்கூட நம்பிடுவேன், இதை நம்ப ரொம்ப நேரம் ஆச்சு.

கோந்துக்கை:
ஒரு நூலகத்தின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். உடன் வேலை பார்க்கும் தம்பி மேசையில் விட்டுப்போனதை உணவு இடைவேளையில் புரட்டினேன். மந்திரக்கோல் கதை என்றுதான் நினைத்தேன். பார்த்தால் அந்த மத்திய நூலகத்தில் பழுதுபார்க்க என்றே தனிப் பிரிவு இருக்கிறது! கதை எழுதுகிறவர்கள் நூலகர் என்றாலே வாயில் விரல் வைத்து 'உஷ்' சொல்கிறவரைத்தானே காட்டுவார்கள்? எங்கள் வேலையை ஒருவர் வீரச்செயலாக வரைந்து இப்போதுதான் பார்க்கிறேன்.

கிழிந்த தாளை ஒட்ட நாங்கள் எடுப்பது மெல்லிய ஜப்பானியத் தாளைத்தான். கோசோ என்ற செடியின் பட்டையில் செய்வது. நீண்ட நார், அதனால் அவ்வளவு மெல்லிசாக இருந்தும் இழுவை தாங்கும். கோதுமை மாவுச்சத்தில் காய்ச்சிய பசை போதும். பிறகு வருகிறவர் வேண்டாம் என்று நினைத்தால் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். செல்லோடேப் அப்படியில்லை. பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். புத்தகத்தின் மேல் பாசம் உள்ளவர்கள்தான் அதை அதிகம் ஒட்டுகிறார்கள் என்பது வேறு கொடுமை.

களிமண்பலகை:
தியோவுக்காவது ஊர்ல ஒரு நூலகம் இருக்கு. எங்க மைனுக்கு அதுவும் இல்ல.

'அசென்டன்ஸ் ஆஃப் எ புக்வோர்ம்' பத்தி யாரும் பேசலையே! மியா கசுகி 2013-ல இருந்து 2017 வரைக்கும் இணையத்துல எழுதின கதை. அதைத்தான் சுசுகா மாங்காவா வரைஞ்சாங்க. நூலக வேலை கிடைச்ச நேரத்துல நிலநடுக்கம் வந்து, சொந்தப் புத்தகக் குவியலுக்கு அடியிலேயே செத்துப்போற பொண்ணு ஒருத்தி. கண்ணு முழிச்சா வேற உலகத்துல ஒரு படைவீரர் வீட்டு நோஞ்சான் குழந்தை, அவதான் மைன். பெருந்தனக்காரங்க தவிர யாருக்கும் புத்தகம் கட்டுப்படியாகாத உலகம். சரி, நாமே செஞ்சுடலாம்னு இறங்குறா. புல் நாரை வச்சுப் பின்னிப் பார்த்தா, கதைக்கு ஆகல. களிமண் பலகை செஞ்சா அடுப்புல வெடிச்சிடுச்சு. மரச்சீவல்ல எழுதி வச்சா, அம்மா விறகுன்னு எடுத்து எரிச்சுட்டாங்க.

அந்த இடத்துல நான் பஸ்ஸுல உட்கார்ந்துகிட்டு "ஏண்டி, உங்க ஊர்ல ஒரு பனைமரம் கூடவா இல்ல!"ன்னு சத்தமாவே கேட்டுட்டேன். பக்கத்து சீட்டு அக்கா தள்ளி உட்கார்ந்துட்டாங்க.

அப்புறம் லுட்ஸ்ங்கிற பையனைச் சேர்த்துக்கிட்டு, பட்டையை உரிச்சு, சாம்பல் போட்டு வேகவச்சு, அடிச்சுக் கூழாக்கி, சட்டத்துல அள்ளித் தாள் எடுக்குறா. கோந்துக்கை அண்ணே சொல்ற ஜப்பானியத் தாள் செய்முறையேதான். மை, அச்செழுத்து எல்லாம் பின்னாடி வருது. ஒரு குறை: மைன் சில நேரம் சுயநலத்தோட உச்சம். வீட்டுல சாப்பாட்டுக்கே இழுபறி, இவளுக்குப் புத்தகம் ஒண்ணுதான் கவலை. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு, என் தங்கச்சி முதல் தொகுதியோட மூடிட்டா.

அட்டவணையாளர்:
'மேகஸ்' பற்றி ஒரு வேடிக்கை. அதில் மூலக்கதை சோஃபி ஷுயிம் எழுதிய 'காற்றின் கஃப்னா' என்று போட்டிருக்கும். எங்கள் நூலகத்தில் ஒரு கல்லூரி மாணவி வந்து, அந்த மூல நாவல் வேண்டும் என்று கேட்டார். பட்டியல் பட்டியலாகத் தேடினோம். அப்படி ஒரு நாவலும் கிடையாது, அந்த எழுத்தாளரும் கிடையாது. கதை உலகத்துக்குள் இருக்கும் புத்தகத்தை, ஏதோ மொழிபெயர்ப்பைத் தழுவியதுபோல நம் கையில் கொடுத்திருக்கிறார் இசுமி. சொன்னதும் அந்தப் பெண்ணுக்கு ஒரே சிரிப்பு. எனக்குத்தான் தலைவலி: இல்லாத ஆசிரியரை அட்டவணையில் எந்தத் தலைப்பில் பதிவது?

ஆறாம்வகுப்பு டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பிள்ளைங்களுக்கு இதுல எதை முதல்ல கொடுக்கலாம்? மாங்காவை வலமிருந்து இடமாப் படிக்கிறதை அவங்க ஒரே நாள்ல பிடிச்சுட்டாங்க, நான்தான் இன்னும் தடுமாறுறேன்.

நூலகப்பல்லி:
டீச்சர், 'மேகஸ்' முதல் தொகுதியைக் கொடுங்க. இன வெறுப்பு, பழைய போர் பத்தியெல்லாம் பேச்சு வரும், ஆனா ஆறாம் வகுப்புக்குப் புரியாதது இல்ல. அடுத்தடுத்த தொகுதிகள்ல தேர்வு, பயிற்சின்னு வசனம் கூடிக்கிட்டே போகும், அப்ப கொஞ்சம் கூட உட்கார்ந்து படிக்கணும். மைன் கதையைக் கொடுத்தீங்கன்னா வகுப்புல களிமண் பிசைய ஆரம்பிச்சுடுவாங்க. அடுப்புப் பக்கம் மட்டும் விட்டுடாதீங்க.