திராட்சை இலைல வெள்ளையா பூத்திருக்கு, பால் அடிச்சும் போகல, இன்னா பண்றது?

மொட்டைமாடி_தண்டையார்பேட்டை:
வணக்கம். ட்ரம்ல பன்னீர் திராட்சை வச்சி மூணு வருஷம் ஆச்சு, பைப்ல பந்தல் போட்டு நல்லா படர்ந்து போன வாட்டி பதினெட்டு கொத்து வந்துச்சி. இந்த ஐப்பசி மழைல இருந்து இலை பூரா வெள்ளை. பசங்க காயா இருக்கும்போதே பிச்சி வாயில போட்டுக்குதுங்க, அதனால கடை மருந்துன்னாலே பயம். வீடியோ பாத்து லிட்டருக்கு ரெண்டு பெரிய ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து உச்சி வெயில்ல அடிச்சேன், மூணாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகி அப்பளமாட்டம் நொறுங்குது. அப்பால பால் அடிச்சேன், எறும்பு வந்ததுதான் மிச்சம்.

பெரம்பூர்_அக்கா:
ரெண்டு ஸ்பூனா தம்பி! லிட்டருக்கு ஒரு சின்ன ஸ்பூன் தலை தட்டி, அதுவும் சாயங்காலம். அடிக்கடி அடிச்சா ட்ரம் மண்ல உப்பு ஏறிடும். அது கிடக்கட்டும், வெள்ளை இலைக்கு மேலயா அடியிலயா? விரலால தேச்சா விபூதியாட்டம் வருதா?

மொட்டைமாடி_தண்டையார்பேட்டை:
இப்பதான் திருப்பி பாத்தேன்க்கா. அடியிலதான் பஞ்சு மாதிரி கீது, மேல அதே இடத்துல எண்ணெய் பட்ட காகிதமாட்டம் மஞ்சள் திட்டு.

பெரம்பூர்_அக்கா:
அப்போ அது அடிச்சாம்பல். பாலும் சோடாவும் மேல விபூதி பூத்த மாதிரி வர்ற சாம்பல் நோய்க்குதான் கேக்கும், அது மழை விட்டு தை மாசி வாக்குல வரும், அப்போ ஒரு பங்கு பாலுக்கு ஒம்போது பங்கு தண்ணி, காலை வெயில் படுற மாதிரி வாரம் ஒருக்கா, நோய் தெரியறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். உங்களுது இலை ஈரமா இருந்தா பரவுற ஜாதி. மொதல்ல அந்த இலையெல்லாம் கிள்ளி குப்பைல போடுங்க, ட்ரம்ல போடாதீங்க. பந்தல்ல நெருக்கமா இருக்கிற கிளைய வெட்டி காத்து விடுங்க. தண்ணி வேர்ல மட்டும் ஊத்துங்க. பாதி நோய் இதுலயே அடங்கும்.

வியாசர்பாடி_கம்பத்துக்காரன்:
அக்கா சொல்றது சரி. எங்க ஊர்ப்பக்கம் இதுக்கு போர்டோ கலவைதான். மயில்துத்தம் (காப்பர் சல்பேட், செம்பு உப்பு) 10 கிராம் அரை லிட்டர்ல, சுட்ட சுண்ணாம்பு 10 கிராம் அரை லிட்டர்ல, தனித்தனியா பிளாஸ்டிக் வாளில கரைச்சி, துத்தத் தண்ணிய சுண்ணாம்புல கலக்கிட்டே ஊத்தணும். இளந்தளிர்னா ரெண்டையும் பாதி போடுங்க. சுத்தமான இரும்பு ஆணிய ஒரு நிமிஷம் முக்கி எடுங்க, செம்பு நிறம் ஏறுச்சின்னா சுண்ணாம்பு பத்தல. அன்னைக்கே அடிச்சி தீத்துடணும். பிரான்ஸ்ல போர்டோ பக்கம் ரோட்டோரக் கொடில திருடன் கை வைக்கக் கூடாதுன்னு பூசினதாம், அந்தக் கொடிக்கு மட்டும் நோய் வரலன்னு கவனிச்சி மில்லார்டேன்னு ஒருத்தர் 1885ல எழுதினாரு. ஆனா செம்பு சாதுவான மருந்து இல்ல, கொத்து இருக்கும்போது வேணாம், பசங்கள ரெண்டு நாள் மாடிக்கு விடாதீங்க. சிலர் நனையும் கந்தகம் சொல்லுவாங்க, அது விபூதி நோய்க்குதான், வேப்பெண்ணெய் அடிச்சி ரெண்டு வாரம் ஆகாம அடிச்சா இலை வெந்துடும்.

மொட்டைமாடி_தண்டையார்பேட்டை:
இப்போ கொத்து எதுவும் இல்லண்ணா, அதான் நேத்து அடிச்சிட்டேன். மொத வாட்டி ஆணி சிவந்துச்சி, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு கரைச்சி ஊத்தினதும் சரியாச்சி. கடல் காத்து அடிக்கிற நேரம்னு யோசிக்கல, கீழ்வீட்டு அம்மா காயப்போட்ட வேட்டில நீலப்பொட்டு பொட்டா கீது. அது எதுல போவும்னு யாருக்காவது தெரியுமா, சீக்கிரம் சொல்லுங்க.